ஐந்தாம் அங்கத்தில் ஓர் இருமல்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வானொலி நிலையத்தின் அலமாரியைத் திறந்த ராமநாதன் ஒவ்வொரு தட்டாகத் தேடினார். அனந்தராமனின் கடைசிக் குரல் இருந்த பென் டிரைவைக் காணோம்.

பிரெஞ்சு நாடகங்களையும் கவிதைகளையும் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஞாயிறுதோறும் வாசித்தவர் அனந்தராமன். புனேயில் அதற்கென்று ஒரு கூட்டமே இருந்தது. மார்ச் மாதம் ஒரு நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தை ஸ்டூடியோவில் வாசித்து முடித்தார் மனிதர், அந்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த ஞாயிறு அதை ஒலிபரப்புவதாக ஏற்பாடு. அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்கத்தான் அவர் மனைவி சாந்தகுமாரி இத்தனை மாதமாகக் காத்திருந்தாள்.

சாந்தகுமாரிக்கு எதிர் ஃபிளாட்டில் குடியிருந்த சப்-இன்ஸ்பெக்டர் ஸ்ரீலக்ஷ்மி தானாகவே விசாரணையில் இறங்கினாள். பூட்டு உடையவில்லை. சாவி இரண்டு. ஒன்று நிலையத் தலைவர் ராமநாதனிடம், மற்றது ஒலிப்பதிவாளர் பத்ரியிடம். பத்ரி யாரோ அல்ல, அனந்தராமனின் சொந்தத் தம்பி. அண்ணன் குரலைத் திருடி அவர் என்ன செய்யப்போகிறார், பாவம்?

ஞாயிறு காலை பார்த்தால், பென் டிரைவ் ராமநாதனின் மேஜைமேல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. எட்டு மணிக்கு ஒலிபரப்பிவிட்டார்கள்.

சாந்தகுமாரியோடு ஸ்ரீலக்ஷ்மியும் ரேடியோ முன்னால் உட்கார்ந்தாள். செத்தவர் பேசினார். அதே கனம், அதே நிதானம். நடுவில் ஒரு தடவை அவருடைய வழக்கமான வறட்டு இருமல், பிறகு மறுபடியும் குரல். அதற்கும் பின்னால், எங்கோ தூரத்தில், தம் தம்மென்று ஒரு சத்தம். சாந்தகுமாரி கண்ணைத் திறக்கவே இல்லை.

சாயங்காலம் ஆறரை. ஆற்றங்கரையில் பத்ரியின் வீடு. வெளியே கணபதி உற்சவத்துக்குப் பழகும் டோல் மேளக் கோஷ்டி அடித்த அடியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“இந்தச் சத்தம் எப்போலேர்ந்து மாமா?”

“ஜூலைலேர்ந்து. தினமும் சாயங்காலம் உயிரை வாங்கறான்கள்.”

“மார்ச்ல?”

“மார்ச்ல ஏது கணபதி?” சொல்லி முடிப்பதற்குள் பத்ரியின் முகம் வெளுத்துவிட்டது.

“ஸ்டூடியோக்குள்ள வெளிச்சத்தமே வராது. உங்க அண்ணா வாசிச்சது மார்ச்ல. ஆனா காலைல நான் கேட்டதுல டோல் இருந்தது. வாசிச்சது நீங்க, இதே ரூம்ல.”

பத்ரி நாற்காலியில் சரிந்தார். “வேற நிகழ்ச்சிக்கு இடம் பண்றேன்னு, பார்க்காம அழிச்சுட்டேம்மா. மன்னி மூஞ்சியில எப்படி முழிப்பேன்? அதான் யாருக்கும் தெரியறதுக்கு முன்னாடி எடுத்துண்டு வந்துட்டேன். எங்க ரெண்டு பேர் குரலும் ஒண்ணு. அம்மாவே ஏமாந்துபோவா.”

“அவரோட இருமலைக்கூட விடலையே நீங்க.”

“இருமலா?” பத்ரி நிமிர்ந்து பார்த்தார். “நான் இருமவே இல்லையே.”

இதை எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டே ஸ்ரீலக்ஷ்மி திரும்பிவந்து எதிர் ஃபிளாட்டுக்குள் நுழைந்தாள். சாந்தகுமாரி அணைத்துவிட்ட ரேடியோவின் பக்கத்திலேயே இருந்தாள்.

“பத்ரிதானே?” என்றாள், இவள் வாயைத் திறக்குமுன்பே. “முப்பது வருஷம் கூட இருந்தவளுக்குத் தெரியாதா? அவன்கிட்ட சொல்லிடாதே லக்ஷ்மி, நொந்துபோயிடுவான்.”

ஸ்ரீலக்ஷ்மி தலையாட்டினாள். சாந்தகுமாரி ரேடியோவின் பக்கம் திரும்பினாள்.

“நடுவுல இருமினது மட்டும் அவர்தான்.”