மகாராணிக்கு நோவு

மகாராணி அன்று கட்டிலுக்கு வரவில்லை. தான் ஓட்டும் பள்ளி வேனை வாசலில் நிறுத்திவிட்டுப் பெரியவள் வீட்டுக்குள் நுழையும் நேரத்துக்கெல்லாம் அந்தப் பழுப்புக் கோழி, தங்கையின் கால்மாட்டில் கிடக்கும் பழைய போர்வையில் முட்டையைப் போட்டுவிட்டு, ஊரையே கூட்டுகிற மாதிரி கொக்கரித்துக்கொண்டிருக்கும். அன்று அது குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்றது. உடம்பை நெட்டுக்குத்தாக நிமிர்த்தி, வால் தரையில் படும்படி தாழ்த்தி, சிறகெல்லாம் உப்பிப்போய், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நின்றது. கொண்டை வெளுத்திருந்தது. வாலடி மட்டும் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ன மகாராணி, இன்னைக்கு லீவா?" என்று கேட்டாள். கோழி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"அவ காலையிலேர்ந்து போடவே இல்லக்கா," என்று உள்ளறையிலிருந்து சின்னவளின் குரல் வந்தது. கொஞ்சம் பொறுத்து, "இதுவும் அசையல."

பெரியவள் உள்ளறைக்கு ஓடினாள். 'இது' என்றால் சின்னவள் வயிற்றில் இருக்கும் எட்டு மாதக் குழந்தை. இதற்கு முன்னால் இரண்டு, முகம் காட்டாமலே போயிருந்தன. மூன்றாவதாவது தங்கட்டும் என்று மாதக்கணக்காகப் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். புருஷன் சரக்குக் கப்பலில், எந்தக் கடலிலோ. வீட்டில் அக்காவும் தங்கையும் கோழியும்தான்.

"எந்திரி. வேன் வாசல்லயே நிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"அவ போடட்டும். போட்ட உடனே வர்றேன்."

"கோழிக்கும் உனக்கும் என்னடி சம்பந்தம்?"

"நீதானே சொன்ன?"

சொன்னவள் அவள்தான். முதல் மாதங்களில் சின்னவள் பயந்து பயந்து அழுதபோது, சிரிக்க வைப்பதற்காக, "இந்தக் கோழி முட்டை போடுற வரைக்கும் உனக்கு ஒண்ணும் ஆகாதுடி" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள். சின்னவள் சிரிக்கவில்லை. கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து முட்டை விழுந்தால்தான் அவளுக்கு நாள் கழிந்ததாகக் கணக்கு. சூடு ஆறுவதற்குள் எடுத்து வயிற்றில் வைத்து, "இன்னைக்குத் தப்பிச்சோம்" என்பாள். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவளிடம் போய் அது வெறும் விளையாட்டுப் பேச்சு என்று யார் சொல்வது? பெரியவளுக்கு மனசு வரவில்லை.

கெஞ்சினாள். மிரட்டினாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் உள்ளே தாழ் போட்டுக்கொள்வேன் என்றாள் சின்னவள். சொன்னால் செய்கிறவள். குண்டுக்கட்டாகத் தூக்கிப் போகவும் முடியாது, வயிறு அதிரக்கூடாது. இருந்தது ஒரே வழிதான். அந்த முட்டை வெளியே வந்தாக வேண்டும்.

கால்நடை டாக்டர் போனில் சாவகாசமாகச் சொன்னார். "முட்டை அடைச்சிருக்கும்மா. வெதுவெதுன்னு தண்ணியில உக்கார வைங்க. எண்ணெய் தடவி விடுங்க. சுண்ணாம்புச் சத்து மாத்திரை இருந்தா கொடுங்க. வயித்த மட்டும் அமுக்கிடாதீங்க. உள்ள ஒடஞ்சா அவ்வளவுதான்."

சின்னவளின் மாத்திரையிலேயே ஒன்றைப் பொடித்துக் கரைத்து அலகுக்குள் விட்டாள். பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீரை விளாவி, கோழியை இறக்கி, வாலடி முழுகும்படி பிடித்துக்கொண்டாள். வெளியே மழை பிடித்திருந்தது. மேலே சின்ன ஜன்னலில் இருந்த வெளிச்சம் கரைந்துகொண்டே வந்தது. நனைந்த இறகின் வாடையும் பினாயில் நெடியும் விளக்கெண்ணெய்ப் பிசுக்கும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின. குழாய் சொட்டியது, கூரைத் தகரத்தில் மழை விழுந்தது, அவள் கைகளுக்கு நடுவில் அந்தச் சின்ன உடம்பு சூடாக, பாரமாக, தன்னை முழுசாக ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. "போட்டுடும்மா, போட்டுடு" என்று கோழியிடம் கெஞ்சினாள்.

கோழி முக்கியது. கழுத்தை நீட்டி, அலகைத் திறந்து, சத்தமே இல்லாமல் முக்கியது.

"ம்ம்ம்," என்றாள் உள்ளே சின்னவள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா."

மறுபடியும் கோழி முக்கியது. மறுபடியும் உள்ளே அதே மூச்சு. ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் அடங்கியது. மழைச் சத்தத்தில் அப்படிக் கேட்கிறது என்று பெரியவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நம்பத்தான் முடியவில்லை.

விரலில் விளக்கெண்ணெயைத் தொட்டு உள்ளே தடவினாள். டாக்டர் சொன்ன மாதிரியே அடைத்துக்கொண்டிருந்த முட்டை விரல் நுனியில் தட்டுப்பட்டது. ஆனால் ஓடு இல்லை. தோல்போல மெத்தென்று இருந்தது. தோல்முட்டை என்று கேள்விப்பட்டிருக்கிறாள், சத்து குறைந்தால் அப்படி வருமாம். சரி, உடையாமல் வந்தால் போதும் என்று விரலை மெல்ல வளைத்துச் சுற்றிலும் எண்ணெயை ஓட்டினாள். அப்போதுதான் அந்தத் துடிப்பு தெரிந்தது.

கோழியின் நெஞ்சு அவளுடைய இடது கையில் படபடத்துக்கொண்டிருந்தது. அது வேறு. இது விரல் நுனியில், தோலுக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் நிதானமாக, குதிரை ஓடுகிற மாதிரி துடித்தது. இந்த ஓட்டம் அவளுக்குத் தெரியும். போன தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸம்மா சின்னவளின் வயிற்றில் கருவியை வைத்து, "பெரியம்மாவும் கேக்கட்டும்" என்று சத்தத்தைக் கூட்டி வைத்தாள். பெரியவள் அன்று ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுதாள். அதே ஓட்டம்.

விரலை உருவிக்கொண்டாள்.

கோழியின் தலை தண்ணீரில் சாய்ந்தது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. சின்னவள் தொண்டை அடைத்துக்கொண்டவள்போல மூச்சுக்குத் திணறினாள்.

"நிறுத்தாதக்கா..."

"நான் என்ன செய்யறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"விரல எடுத்துட்டியே. வைக்கா. பாதியில விடாத."

எழுந்து ஓட வேண்டும். தங்கையைத் தூக்கி வேனில் போட வேண்டும். ஓட முடியாது. கையை எடுத்தால் கோழி போகிறது. கோழி போனால்? அதற்குமேல் அவள் நினைக்கவில்லை. கோழியின் தலையைத் தூக்கி முழங்கையில் சாய்த்துக்கொண்டாள். விரலை மறுபடி வைத்தாள். அந்தத் துடிப்பு அங்கேயே இருந்தது. காத்திருந்தது.

ஜன்னல் இருட்டிவிட்டது. பல்பு மங்கியது. போனின் டார்ச்சைப் போட்டுத் தொட்டி விளிம்பில் சாய்த்து வைத்தாள்.

கோழி முக்கியது. சின்னவள் முனகினாள். எண்ணெய். வெந்நீர். இன்னொரு முக்கல். அமுக்கக்கூடாது. அமுக்கவே கூடாது. வாலடி விரிந்தது. வெளிறிய தோல் எட்டிப் பார்த்தது. உள்ளே போனது. மறுபடி எட்டிப் பார்த்தது. குழாய் சொட்டு நின்றிருந்தது. மழையும் நின்றிருந்தது. எப்போது நின்றது? தெரியவில்லை. மூன்று மூச்சு மட்டும் கேட்டது. கோழி. அவள். உள்ளே அவள் தங்கை.

வழுக்கிக்கொண்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"அப்பாடா," என்றாள் சின்னவள் உள்ளேயிருந்து. எத்தனையோ மாதமாகக் கேட்காத குரல். சின்ன வயசுக் குரல். "லேசாயிடுச்சுக்கா. வயிறே இல்லாத மாதிரி இருக்கு."

பெரியவள் கையைப் பார்த்தாள். கோழி முட்டை அளவுதான். ஓடில்லாமல், ஈரமாக, பாலாடைபோல் மெல்லிய தோல். சூடாக இருந்தது. கனமாக இருந்தது, அந்த அளவுக்கு இருக்கக்கூடாத கனம். டார்ச் வெளிச்சம் அடியிலிருந்து பட்டு அது முழுக்கச் சிவப்பாக எரிந்தது. நரம்புகள் ஓடின. நடுவில் ஏதோ சுருண்டு கிடந்தது. சுருண்டதற்கு ஒரு முதுகு இருந்தது. முதுகுக்கு மேல் ஒரு தலை. அலகு இல்லை.

அவள் கத்தவில்லை. கத்தினால் கை நடுங்கும். கை நடுங்கினால் தோல் கிழியும்.

தொட்டியில் கோழி தள்ளாடி எழுந்தது. சிறகை உதறியது. கழுத்தைத் திருப்பி, ஒரு கண்ணால், அவள் கையில் இருந்ததைப் பார்த்தது. தோல்முட்டையைக் கோழியே கொத்தித் தின்றுவிடும் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. முழங்கையால் தள்ளினாள். அது மறுபடி எம்பியது. தள்ளினாள். "வேண்டாம்மா. வேண்டாம். என் கண்ணே, வேண்டாம்." யாரைக் கண்ணே என்றாள்?

துடிப்பு மெலிந்துகொண்டே வந்தது. சூடு இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பொத்தி மார்போடு அணைத்துக்கொண்டாள். எந்த டாக்டரிடம் கொண்டு போவது? என்னவென்று சொல்லிக் காட்டுவது? கண்ணீர் அவள் விரல்மேல் விழுந்து வழிந்தது.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. தரையில் காலடிச் சத்தம். எட்டு மாதக்காரியின் நடையில்லை. சுலபமான, வெறும் வயிற்று நடை. சமையலறையைக் கடந்து வந்தது. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றது.

"என்னக்கா அழுற? போட்டுட்டா இல்ல? வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்." கதவு அசைந்தது. "எங்க, காட்டு."

அந்தக் குரலைக் கேட்டதும் பெரியவளின் கைக்குள் அது புரண்டது. விரலை விலக்கிப் பார்த்தாள். தோலின் உள்பக்கத்தில், கதவு இருந்த திசையில், நெல்மணி அளவு ஒரு கை வந்து ஒட்டியது. ஐந்து விரலும் ஒவ்வொன்றாக விரிந்தன.