நாவலேரியில் ஓர் அர்ச்சனை

ஏரிக்கரைச் சேறு முழுக்க மான்களின் குளம்புத் தடம். பன்றி கிளறிய பள்ளம், நரியின் பாதம், முள்ளம்பன்றி வாலை இழுத்துப் போன கோடு. கூடாரத்துக்கு நேர் எதிரே மட்டும், ஒரு பாய் விரிக்கும் அகலத்துக்கு, எதுவும் இல்லை. அந்த இடத்தில் சேறு, அப்போதுதான் மெழுகிவிட்ட தரை போல வழவழவென்று தண்ணீர் வரை இறங்கியிருந்தது.

“மாமா, இங்க மட்டும் எதுவும் தண்ணி குடிக்க வர்றதில்லியா?” என்று கேட்டாள் கவிநிலா.

அக்காவின் கணவர் செழியன் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். எதைக் கேட்டாலும் பத்து நிமிடம் விளக்கம் சொல்கிறவர். இப்போது, “ஆளு வாசனை” என்றதோடு சரி.

கூடாரம் போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தடங்களோ காய்ந்து வெடித்த பழைய தடங்கள். கவிநிலா அதைச் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டாள். நல்ல நாளில் எதற்கு வாதம்?

அன்று பௌர்ணமி. திருவண்ணாமலையில் கிரிவலக் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு நடக்க, இவர்களுடைய மாருதி வேன் மட்டும் எதிர்த்திசையில் ஊர்ந்து வெளியேறி, செங்கம் தாண்டி, ஜவ்வாது மலையடிவாரத்துக்கு வந்திருந்தது. “நெலா வெளிச்சத்துல மானு கூட்டங்கூட்டமா வரும்டி, வந்து பாரேன்” என்று அக்கா மணிமொழி வேலூர் ஹாஸ்டலுக்கே போன் செய்து கூப்பிட்டிருந்தாள். அம்மா போன பிறகு தலை பின்னிவிட்டு, சோறு ஊட்டி, ஆளாக்கிய அக்கா. அவளே ஒரு வருஷமாகச் சரியாகப் பேசுவதில்லை. அந்த ஒரு போனுக்காகவே கவிநிலா டைப்ரைட்டிங் சென்டரில் மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தாள்.

“தேவியையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்க்கா” என்றாள். தேவிப்ரியா அக்காவின் ஒரே மகள். ஏழு வயது.

“பக்கத்து வீட்டுக் கஸ்தூரிகிட்ட விட்டுட்டேன். புள்ளைக்குக் கொசுக்கடி தாங்காது.”

“எனக்கு மட்டும் தாங்குமா?”

“நீ எருமை. உனக்குத் தோலு கெட்டி.”

மூவரும் சிரித்தார்கள். அக்கா சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

இருட்டுவதற்கு முன்பு கரையிலிருந்த நாவல் மரத்தடிக்கு அக்கா அவளைக் கூட்டிப் போனாள். மரத்தடியில் ஒரு கல். பொட்டு இல்லை, துணி இல்லை, பூசாரி இல்லை. அக்காவே கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்தாள். “பேரு கவிநிலா. சதய நட்சத்திரம்” என்று, காது கேளாதவரிடம் சொல்வது போல, மூன்று முறை உரக்கச் சொன்னாள்.

“உங்க பேரெல்லாம் சொல்லலியாக்கா?”

“எங்களுக்குப் பெரிய கோயில்லியே பண்ணியாச்சு. நீ நல்லாருக்கணும்டி.”

கவிநிலா கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இரண்டு தேங்காய் மூடிகளையும் அக்கா ஏரியில் எறிந்தபோதுதான் லேசாக உறுத்தியது. ஒரு மூடியாவது வீட்டுக்கு வராத அர்ச்சனையை அவள் பார்த்ததில்லை.

எட்டு மணிக்கு மான்கள் வந்தன. முதலில் காய்ந்த சருகு நொறுங்கும் ஓசை, பிறகு ஈரமும் புழுக்கையும் கலந்த வாடை, பிறகு மூங்கில் புதரின் நிழலிலிருந்து நிழலே கழன்று வருவது போல ஒவ்வொன்றாக, காதுகளைத் திருப்பித் திருப்பி, கால் வைத்த இடத்தை யோசித்து யோசித்து. செழியன் டார்ச் அடித்தபோது கரை நெடுகப் பச்சைக் கண்கள். இருபதுக்குக் குறையாது. அவை கூடாரத்தின் இடப்பக்கம் குடித்தன, வலப்பக்கம் குடித்தன. நடுவில் அந்தப் பாய் அகலத்தை மட்டும், ஏதோ அங்கே படுத்திருப்பது போலச் சுற்றிக்கொண்டு போயின.

அக்காவின் தோளில் சாய்ந்தபடியே கவிநிலா தூங்கிப் போனாள்.

விழித்தபோது அக்கா இல்லை. ஜமுக்காளத்தில் அவள் படுத்திருந்த பள்ளம் ஆறிக் கிடந்தது. மணி என்னவென்று தெரியவில்லை. நிலா உச்சியில் நின்றது. தவளைச் சத்தம் நின்றிருந்தது. சில்வண்டும் இல்லை. பாசி நாற்றத்தோடு எரிந்து அணைந்த கற்பூர வாசனை கூடாரத்துக்குள் வந்து தங்கியிருந்தது. வாசல் துணியை விலக்கினாள். எதிர்க்கரையில் மான்கள் வரிசையாக நின்றிருந்தன. குடிக்கவில்லை. மேயவில்லை. ஒவ்வொரு தலையும் அவளைப் பார்த்திருந்தது.

தண்ணீர் பேசியது.

“பேரு கவிநிலா.”

அடித் தொண்டையில் நீர் நிறைந்த குரல். ஆனால் நிறுத்திய இடம், இழுத்த இடம், எல்லாம் அக்காவின் பாணி.

“சதய நட்சத்திரம்.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. அர்ச்சனை அவளுக்காகச் செய்ததல்ல. அவளையே கொடுத்தது.

ஓடினாள். செருப்பு இல்லை. முள். கல். மேட்டில் வேன். உள்ளே இரண்டு தலைகள். கதவைப் பிடித்து இழுத்தாள். பூட்டியிருந்தது. கண்ணாடியில் தட்டினாள்.

“அக்கா, திற.”

மணிமொழி கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“போன வருஷம் இங்க வந்தப்ப தேவி தண்ணிக்குள்ள போயிட்டாடி. யாருக்கும் சொல்லல. அரை மணி நேரம் மாமா முங்கி முங்கித் தேடினாரு. நான் அந்தக் கல்லுகிட்ட விழுந்து அழுதேன். புள்ளயக் குடுத்துடு, பதிலுக்கு ஒரு ஆளத் தர்றேன்னு. திரும்பிப் பாத்தா கரையில உக்காந்திருக்கா.”

“அதுக்கு நானாக்கா?”

“உனக்கு எங்கள விட்டா யாரு இருக்கா? நீ இல்லன்னா கேக்குறதுக்கு ஆளில்லியேடி.” அதைப் பரிவோடுதான் சொன்னாள். பின்னுவதற்கு முன்பு தலையைத் தடவுவாளே, அந்தப் பரிவோடு.

“ஜாஸ்தி பேசாத” என்றார் செழியன், முன்னால் பார்த்தபடி. “கண்ணாடிய ஏத்து.”

கண்ணாடி ஏறியது.

கவிநிலாவின் கால்கள் திரும்பின. அவள் திருப்பவில்லை. அவையே திரும்பி, மேட்டிலிருந்து இறங்கி, வழவழப்பான சேற்றில் ஒவ்வொரு அடியாக வைத்தன. மரத்தைப் பிடிக்கக் கை நீட்டினாள். எட்டவில்லை.

“சித்தி.”

முழங்கால் ஆழத்தில் ஒரு குழந்தை நின்றது. மஞ்சள் கவுன். ஒட்டிய முடி. தேவிப்ரியா. மதியம் வேங்கிக்காலில் அக்கா வீட்டில் பார்த்த தேவி இவளைவிட நாலு விரல் உயரம். இவள் போன வருஷத்து உயரத்திலேயே நின்றிருந்தாள்.

செழியன் வேனைக் கிளப்பினார். முன்விளக்கு ஏரி மேல் விழுந்தது. உள்ளே அக்கா வீறிட்டாள்.

“அது நம்ம தேவிங்க. நிறுத்துங்க. அப்ப வீட்ல இருக்கிறது யாரு?”

செழியன் வேனைப் பின்னால் எடுத்தார். ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை மனைவியின் மணிக்கட்டில்.

குழந்தை கவிநிலாவின் சுண்டுவிரலைப் பற்றியது. எலும்பு வரை குளிர்ந்தது.

“அக்கா” என்று கூப்பிட்டாள் கவிநிலா. கடைசியாக ஒரு முறை. கத்தக்கூட இல்லை.

மணிமொழி கண்ணாடியை அறைந்தாள். “தேவி” என்று கூப்பிட்டாள். மறுபடி “தேவி.” மறுபடியும். வேன் பின்னால் நகர நகர, அந்த ஒரு பெயரைத்தான். கவி என்று ஒரு தடவைகூட இல்லை.

தண்ணீர் முழங்கால். தொடை. இடுப்பு.

குழந்தை திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய இன்னொரு கை முன்னால் நீண்டிருந்தது. அதை ஒரு கை பிடித்திருந்தது. கண்ணாடி வளையல் போட்ட கை. அதற்கு முன்னால் முதுமையில் சுருங்கிய ஓர் ஆணின் கை. அதற்கு முன்னால் இன்னொன்று. தலை இல்லை, தோள் இல்லை. நிலா எட்டிய தூரம் வரை, தண்ணீருக்கு மேலே கோத்த கைகள் மட்டும், ஏரியின் நடுவை நோக்கி, அவசரமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தன.