சுவரைப் பார்த்து நின்றவன்

"இறங்குங்க! முதல்ல கீழே இறங்குங்க!"

அந்தச் சத்தத்தில் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஒரு காலைத் தரையில் வைத்தாள். இன்னொரு கால் அந்தப் பலகையிலேயே ஒட்டிக்கொண்டதுபோல வர மறுத்தது.

பார்சல் ஆபீஸ். மதிய சாப்பாட்டு நேரம். அந்த நேரத்தில் அங்கே யாரும் இருப்பதில்லை என்று எதிர்க் கட்டிடத்து ஜன்னலிலிருந்து மூன்று நாள் பார்த்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். செருப்பைக் கழற்றி, கைப்பையை ஓரமாக வைத்து, கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றிவிட்டு ஏறினாள்... மூட்டைகளை எடை போடும் மெஷின் மேல்.

வாசலில் நின்றவன் ஒல்லியோ ஒல்லி. கையில் சாப்பாட்டு டப்பா. சட்டைக்குள் ஆள் இருக்கிறானா, காற்று இருக்கிறதா என்று சந்தேகம் வரும். ஆனால் அந்தக் கண்கள்... மழை வருவதற்குச் சற்று முன்னால் வானம் இருக்குமே, அப்படிக் கறுத்து, குளிர்ந்து...

"மன்னிச்சுக்குங்க... தெரியாம ஏறிட்டேன்."

"தெரியாம ஏறுறவங்க செருப்பைக் கழட்டி ஜோடியா வெச்சுட்டா ஏறுவாங்க?"

அவள் முகம் சிவந்தது. "உங்க மெஷின் உடைஞ்சிடாது. பயப்படாதீங்க!"

"ஐயோ, இது முந்நூறு கிலோ தாங்கும்ங்க. விஷயம் அது இல்ல." அவன் டப்பாவை வைத்துவிட்டு ஓடி வந்தான். "இந்த மரப் பலகை இருக்கு பாருங்க, இதோட எடையை நான் இன்னும் கழிக்கல. அப்படியே நின்னா பலகையும் உங்க கணக்குல சேர்ந்துடும். எட்டு கிலோ! யாரோ ஒருத்தரோட எட்டு கிலோவை நீங்க எதுக்குச் சுமக்கணும்?"

அவள் அவனையே பார்த்தாள்.

"இதுக்கா இப்படிக் கத்தினீங்க?"

"எடை தப்பாப் போனா எனக்குக் கையெல்லாம் நடுங்கும்ங்க. அதான் இங்க எனக்கு 'எடைக்கல்'னு பேரு. நான் ஏறி நின்னா மெஷினுக்கே ஆள் வந்த சேதி தெரியாது, பேரைப் பாருங்க." ஏதோ ஒரு பட்டனை அமுக்கினான். "இப்ப ஏறுங்க. நடுவுல நில்லுங்க. ஓரத்துல நின்னா சரியாக் காட்டாது. எண் நின்னதும் பச்சைப் பட்டனைத் தட்டுங்க, சீட்டு வரும். நான் சுவரைப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன்."

சொன்னபடியே அவளுக்குப் பின்னால் போய், அவளுக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். அதோடு விட்டானா? உரக்கப் படிக்க வேறு ஆரம்பித்தான்.

"எளிதில் உடையும் பொருட்களைத் தனியாகக் கட்டவும்... மேல்பக்கம் எது என்று அம்புக்குறி இடவும்... திரவங்கள் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டா..."

எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு பட்டனைத் தட்டினாள். சீட்டு வந்தது. 131.4. கீழே பார்சல் ஆபீஸின் போன் நம்பர்.

வீட்டில் இருக்கும் மெஷின் நூற்றிருபதுக்கு மேல் சொல்லாது. இரண்டு கோடுகளைக் காட்டிவிட்டு அணைந்துவிடும். ஒரு வருடமாக அவளுக்கு எடை என்றால் அந்த இரண்டு கோடுகள்தான்...

"முடிஞ்சுதா? திரும்பலாமா?"

"திரும்புங்க. தேங்க்ஸ்ங்க. அடுத்த வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கணும். எடையைக் குறைக்க ஆபரேஷன் பண்ணலாமான்னு கேட்கப் போறேன். அவங்க குடுத்த படிவத்துல எடை எழுதணும்..." ஏன் இவனிடம் இதைச் சொல்கிறோம் என்று அவளுக்கே புரியவில்லை.

அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். "இந்தக் குரல்... நீங்க... குழாய்ல தண்ணி வரலைன்னா போன் பண்ணுவோமே, அங்க பேசறவங்கதானே?"

அவ்வளவுதான். செருப்பை மாட்டி, கடிகாரத்தையும் கைப்பையையும் அள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

குரல்... அந்தக் குரலால் பட்டது போதும்.

எதிர்க் கட்டிடத்தின் முதல் மாடியில் குடிநீர்ப் புகார்ப் பிரிவு. அங்கே அவளுக்கு 'ரேடியோ' என்று பேர். சண்டை போட வருகிறவர்கள்கூட அவள் "சொல்லுங்க" என்றால் அடங்கிவிடுவார்கள். நான்கு வருடத்துக்கு முன் ஒருவன் தினமும் கூப்பிட்டான். தண்ணீர் வந்த பிறகும் கூப்பிட்டான். ஒரு நாள் நேரிலேயே வந்துவிட்டான். கையில் சின்னதாக ஒரு பூங்கொத்து. நேராக அவள் மேஜைக்கு வந்து, அவளைப் பார்த்து, "போன்ல பேசுவாங்களே, அந்தப் பொண்ணைக் கொஞ்சம் கூப்பிட முடியுமா?" என்று கேட்டான்.

"அவங்க லீவுங்க" என்றாள், ரொம்ப மெதுவாக, குரலை மாற்றிக்கொண்டு.

அவன் போய்விட்டான். அப்புறம் கூப்பிடவும் இல்லை. அந்தப் பெண் இன்னும் லீவிலிருந்து வரவே இல்லை...

அன்று மாலை படிவத்தை விரித்து வைத்து உட்கார்ந்தாள். நான்கு பக்கம். எடை, உயரம், சாப்பிடும் மாத்திரைகள். இதுவரை எடை குறைக்க என்னென்ன செய்தீர்கள், எத்தனை கிலோ குறைந்தது, எத்தனை திரும்பி வந்தது? அதற்கு இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினாள். ஏழு நாள் சாப்பாட்டுக் குறிப்பு வேறு. முதல் நாள் 'ஆப்பிள்' என்று பொய் எழுதினாள். பிறகு அடித்துவிட்டு உண்மையை எழுதினாள். 'மாலை ஐந்து மணி. பசி இல்லை. பேச ஆள் இல்லை. பிஸ்கட், ஒரு பாக்கெட்.'

கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம். 'சிகிச்சையின்போது உடன் இருப்பவர். முதல் ஆலோசனைக்கு அவரும் வர வேண்டும். பெயர், உறவு.'

அங்கே பேனா நின்றுவிட்டது.

அண்ணனிடம் கேட்டாள். அவன் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வாயைக் கட்டினாப் போதும். வயித்தை எதுக்கு அறுக்கணும்?"

"பத்து வருஷமா கட்டிப் பார்த்துட்டேன்ணா. நீ பக்கத்துல உட்கார்ந்தாப் போதும். ஒரு மணி நேரம்."

"நாலு பேருக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்க. என்னால வர முடியாது, விடு."

அண்ணி ஏதோ சொல்ல வாய் திறந்தாள். அண்ணன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். பிறகு சமையலறையில், தட்டைக் கழுவுகிற சாக்கில், "போயிட்டு வா... பயப்படாதே" என்று மட்டும் முணுமுணுத்தாள்.

திங்கட்கிழமை மழை. சும்மா மழையா அது! தெரு முழுக்க வெள்ளித் திரை கட்டியதுபோல... அவள் பார்சல் ஆபீஸ் வாசலில் ஒதுங்கினாள். வேறு இடமே இல்லையா என்று கேட்டால், இருந்தது. வாசல் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவிப்புத் தாள் சாரலில் நனைந்து ஓரம் சுருண்டிருந்தது.

"உள்ள வாங்க ரேடியோம்மா! நனைஞ்ச பார்சலை நாங்க வாங்கறதில்ல."

"இந்தப் பேரு உங்களுக்கு யார் சொன்னா?"

"உங்க ஆபீஸ் ப்யூன்தான். நான் எதுவும் விசாரிக்கல... அவரா சொன்னாரு. நான் ரெண்டு டீ வாங்கிக் குடுத்ததும்."

சிரித்துவிட்டாள். அவன் ஒரு மரப்பெட்டியைத் துடைத்து உட்காரச் சொன்னான். ஸ்டூல் பக்கத்திலேயே இருந்தது. அது தாங்காது என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருந்தது, ஆனால் அதைச் சொல்லவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"படிவம் முடிஞ்சுதா?"

"ஒரே ஒரு கட்டம் பாக்கி..."

சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் மூட்டையோடு வந்தார். எடைக்கல் அதை வாங்கி மெஷினில் வைத்தான். அவ்வளவு நேரம் வெறுமையாக இருந்த நீலச் சுவரில், பெரிது பெரிதாகச் சிவப்பு எண்கள் எரிந்தன. 42.0. மூட்டை கொண்டு வருகிறவர்கள் பார்ப்பதற்காக வைத்த இரண்டாவது திரை.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது... அன்றைக்கு அவன் பார்த்துக்கொண்டு நின்ற அதே சுவர்!

மூட்டைக்காரர் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

"நல்லா நடிச்சீங்க."

"என்னங்க?"

"சுவரைப் பார்க்கறேன்னு சொன்னீங்களே. சுவர்லதானே எழுதியிருக்கு என் எடை!"

அவன் முகம் வெளுத்தது. "சத்தியமா நான் பார்க்கலீங்க."

"கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டுத்தானே படிச்சீங்க? சத்தம் போட்டு வேற படிச்சீங்களே!"

"அது... அப்படி இல்லீங்க... அதுவும் இல்லாம, உங்களுக்கு எதுக்குங்க ஆபரேஷன்? நீங்க இப்படியே நல்லாத்தானே இருக்கீங்க..."

அவள் எழுந்துவிட்டாள்.

"இப்படியேன்னா எப்படி? தினம் இருபத்திரண்டு படி ஏறணும். பன்னிரண்டாவது படியில மூச்சு வாங்கும். யாராவது வந்தா போன் பேசற மாதிரி நடிக்கறேன். படுத்தா மூச்சு அடைக்குது. சர்க்கரை மாத்திரை ரெண்டு வேளை. முட்டி தேஞ்சு போச்சு. எங்கண்ணன் வேண்டாம்ங்கறான், நீங்க நல்லாத்தான் இருக்கேன்னு சொல்றீங்க... எனக்கு எப்படி இருக்குன்னு யாராவது ஒருத்தர் கேட்டீங்களா?"

மழையிலேயே இறங்கி நடந்தாள். அவன் குடையோடு ஓடி வந்தான். அவள் திரும்பவில்லை. கன்னத்தில் வழிந்ததில் எது மழை என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அது ஒரு வசதி...

செவ்வாய் போனது. புதன் வந்தது. நாளைக் காலை பத்து மணிக்கு டாக்டர். கட்டம் காலியாகவே இருந்தது. போகாமல் விட்டுவிடலாமா என்று நூறு தடவை நினைத்தாள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு மேலே ஏறியவள் அதே பன்னிரண்டாவது படியில் நின்றாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும்போது அந்த நீலச் சுவர் கண்ணுக்குள் வந்தது. சிவப்பு எண்கள். அதைச் சுற்றி வெறும் நீலம். ஒரு ஆணி இல்லை, ஒரு காகிதம் இல்லை...

அப்படியானால் அவன் எதைப் படித்தான்?

'எளிதில் உடையும் பொருட்கள்' என்ற அந்த அறிவிப்பு ஒட்டியிருப்பது வாசல் கண்ணாடியில். மழையில் ஒதுங்கியபோது அவளே பார்த்தாள். சுவரில் படிக்க எதுவுமே இல்லை. மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறான். இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டு... மூடியிருக்கிறான் என்பது அவளுக்குத் தெரிய வேண்டாமே என்று, படிப்பதுபோல உரக்க...

அவள் நெஞ்சு படபடத்தது. இது படி ஏறியதால் இல்லை.

கைப்பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தாள். அடியில் இருந்த நம்பரை அழுத்தினாள். இத்தனை நாள் போன் பேசுவதாக நடித்த படியில், இன்று நிஜமாகவே...

"பார்சல் ஆபீஸ்."

"அன்னிக்குக் கண்ணை மூடிக்கிட்டா நின்னீங்க?"

அந்தப் பக்கம் ஏதோ மூட்டையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஆமாங்க" என்றான் மெதுவாக. "எண் எரியும்னு திரும்பின பிறகுதான் ஞாபகம் வந்தது. வேற பக்கம் திரும்பினா நீங்க சந்தேகப்படுவீங்களேன்னு... திங்கட்கிழமை நான் பேசினதுதான் தப்பு. ஆறுதலாச் சொல்றதா நினைச்சு உளறிட்டேன். உங்களுக்கு எப்படி இருக்குங்க?"

அந்த ஒரு கேள்வி... அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பூங்கொத்தோடு வந்தவனைப் பற்றி, லீவில் போன பெண்ணைப் பற்றி, யாரிடமும் சொல்லாத அதை, படியில் நின்றபடியே சொன்னாள். அவன் 'ம்' கொட்டினானே தவிரக் குறுக்கே பேசவில்லை.

"நாளைக்குக் காலைல பத்து மணி. கூட ஒருத்தர் வரணுமாம். ஆபரேஷன் பண்ணுவாங்களான்னு தெரியாது, பண்ணிக்குவேனான்னும் தெரியாது. கேட்கத்தான் போறேன். பக்கத்துல உட்கார வருவீங்களா?"

"எடைக்கல்லைத் தூக்கிட்டுப் போறது ஒண்ணும் கஷ்டமில்லீங்க" என்றான். "ஒன்பதரைக்கே வந்துடறேன்."

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் ஒன்பது மணிக்கே நின்றிருந்தான், இஸ்திரி போட்ட சட்டையில். மடிப்புகள் அவனைவிடத் தடிமனாக இருந்தன.

நர்ஸ் படிவத்தைப் புரட்டினாள். "பேர் இருக்கு. உறவு எழுதலையே? இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

இருவரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள்.

"எழுதித் தரேன்ங்க, பேனா குடுங்க" என்றாள் அவள். நர்ஸ் பேனாவைக் கொடுத்துவிட்டு உள்ளே போனதும் அவன் பக்கம் குனிந்தாள். "சொல்லுங்க, என்ன எழுதட்டும்?"

அவன் விரல்களைப் பிசைந்தான். "எனக்குப் பேசத் தெரியாதுங்க. போன மாசம் ஒரு வாரம் எங்க வீட்டுல தண்ணி வரல. ஏழு நாளும் போன் பண்ணினேன். எட்டாவது நாள் தண்ணி வந்துடுச்சு. எனக்கு... வருத்தமா இருந்துச்சு. ஆனா அந்த ஆளு மாதிரி நான் குரலைத் தேடி வரல. செருப்பை ஜோடியா வெச்சுட்டு மூட்டை மெஷின்ல ஒரு பொண்ணு தனியா நின்னுச்சு பாருங்க... அந்தப் பொண்ணு கூட இருக்கணும்னு தோணுச்சு. எடை குறைஞ்சாலும் சரி, குறையலைன்னாலும் சரி. கூடவே... கடைசி வரைக்கும்."

அவள் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எழுத்து மங்கலாகத் தெரிந்தது.

"எடை பார்க்கணும், வாங்க" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

உள்ளே அகலமான மெஷின் ஒன்று இருந்தது. அவள் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தாள். அவன் பழக்கத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். உதடுகள் அசைந்தன. "எளிதில் உடையும் பொருட்களை..."

"திரும்புங்க" என்றாள்.

"இருக்கட்டும்ங்க..."

"என் கூட இருக்கணும்னா திரும்பணும். கண்ணைத் திறங்க."

திரும்பினான். கண்ணைத் திறந்தான். எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவன் எண்களைப் பார்க்கவில்லை. மழைக்கு முந்தின வானம்போல இருந்த அந்தக் கண்கள் இப்போது நிறைந்து தளும்பின.

"நடுவுல நில்லுங்க" என்றான்.

அவள் ஓரத்திலிருந்து நகர்ந்து, நடுவில் நின்றாள்.