கடைசியாகப் பார்த்தவள்

கோகிலவாணியின் தலைக்கு மேல் அன்று காலை எழுபத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் கண்ணுக்கு அது தெரியாது. காட்சிக் கண்ணாடி போட்டவர்களுக்குத்தான் தெரியும். நஞ்சைப்பாளையத்தில் அந்தக் கண்ணாடி போடாதவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். பால் வாங்கப் போனாலும் மருந்து வாங்கப் போனாலும், எதிரே வருகிறவர் பார்வை முதலில் அவள் உச்சந்தலைக்கு ஒரு சாண் மேலே போகும். அப்புறம்தான் முகத்துக்கு இறங்கும். அது இறங்குகிற வேகத்தை வைத்தே நம்பர் ஏறியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்ல எட்டு நாளில் பழகியிருந்தாள்.

அந்த நம்பரைக் கணக்குப் போடுகிற இயந்திரத்துக்கு ஐயமானி என்று பெயர். ஒருவர் காணாமல் போனால், அவரைக் கடைசியாகப் பார்த்தவர் யாரோ அவருடைய வீடு இருபத்தொரு நாளைக்குத் திறக்கப்படும். கதவையல்ல. வீட்டில் பேசிய பேச்சு, அனுப்பிய செய்தி, மருந்துச் சீட்டு, தெருக் கம்பங்களும் மற்றவர்களின் கண்ணாடிகளும் பிடித்த படம், எல்லாம் பொதுவிழி என்ற கிடங்கில் கொட்டப்படும். யார் வேண்டுமானாலும் புரட்டலாம், துப்புச் சொல்லலாம், இவர்தான் என்று ஓட்டுப் போடலாம். ஓட்டு ஏற ஏற நம்பர் ஏறும்.

நல்ல எண்ணத்தில் வந்த சட்டம்தான். போலீஸில் ஆள் போதவில்லை, ஊர் கூடித் தேடினால் சீக்கிரம் கிடைப்பார்கள் என்றார்கள். முதல் வருஷம் பதினாலு குழந்தைகள் கிடைத்தார்கள். கோகிலவாணியும் அப்போது கைதட்டினாள். போன தை மாதம் காணாமல் போன யாரோ ஒரு குழந்தையின் சித்தி தலைமேல் அவளும் ஓட்டுப் போட்டாள். அந்தப் பெண் சிரித்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவள் கணவர் மயில்சாமி நகராட்சியில் தண்ணீர்க் குழாய்க்காரர். வியாழக்கிழமை விடிந்ததும் வரக்காப்பி குடித்துவிட்டு, வால்வு திருப்பும் இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். திரும்பவில்லை. அவருடைய கைப்பேசி காவிரிக்கரையில் இருக்கும் பழைய நீர்த்தொட்டிப் பக்கம் அணைந்திருந்தது. அங்கே இருந்த தெருக் கம்பத்தை அதற்கு முந்தின நாளே ஆடிக்காற்று சாய்த்துவிட்டதால் படம் எதுவும் இல்லை. அதற்கு முந்தின கம்பத்தை அவர் தாண்டியதிலிருந்து கைப்பேசி அணைந்தது வரை முப்பத்தெட்டு நிமிஷம் வெறும் இருட்டு. கடைசியாகப் பார்த்தவள் மனைவி. அன்று சாயங்காலமே வீடு திறந்தாயிற்று.

நாலாம் நாள் ஆடிப் பதினெட்டு. கோகிலவாணி படித்துறைக்குப் போனாள். வருஷா வருஷம் போகிறவள்தான். இந்த வருஷம் போகாமல் விட்டால் அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். புது மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, பழைய கயிற்றை ஆற்றில் விட்டாள்.

பக்கத்தில் நின்ற யாருடைய கண்ணாடியோ அதைப் பிடித்தது. நாலே நொடிப் படம். கழுத்திலிருந்து எதையோ எடுக்கிறாள், ஆற்றில் போடுகிறாள்.

"தாலியக் கழட்டி ஆத்துல வீசறா பாருங்க! செத்துட்டாருன்னு இவளுக்கு எப்படித் தெரியும்?" என்று வெளிநாட்டில் இருக்கும் யாரோ ஆரம்பித்தார்கள். அது கயிறு மாற்றுவது என்று தெரிந்த உள்ளூர்க்காரர்களாவது சொல்லியிருக்கலாம். அவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். "கயிறு மாத்தறது சரிங்க. புருசன் காணாமப் போயி நாலே நாள்ல எவளுக்காச்சும் அதுக்கு மனசு வருமா?"

நம்பர் முப்பதிலிருந்து அறுபத்தாறுக்குத் தாவியது.

மிச்சத்தை இட்டுநிரப்பி பார்த்துக்கொண்டது. படம் இல்லாத இடத்தில், அதிகம் பேர் நம்புகிற கதையை வைத்து இதுதான் நடந்திருக்கும் என்று படம் செய்து ஒட்டுகிற பொறி அது. முப்பத்தெட்டு நிமிஷ இருட்டை அது நிரப்பியது. அதில் கோகிலவாணி பச்சைச் சேலையில் மயில்சாமியோடு ஆற்றங்கரைக்கு நடந்தாள். சுற்றும்முற்றும் பார்த்தாள். முதுகில் கைவைத்துத் தள்ளினாள். மூலையில் 'ஊகம்' என்று எறும்பளவு எழுத்து. அதை யார் படித்தார்கள்? கோயம்புத்தூரில் நர்ஸிங் படிக்கிற மகள் ஹர்ஷினியே போனில், "அம்மா, நீ அன்னிக்கு அந்தப் பச்சச் சேலையா கட்டியிருந்த?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள்.

அந்தப் படத்தைத் தினமும் ஓட்டி ஓட்டி விளக்கியவர் கௌரிசங்கர். நாலாம் வார்டில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டிலிருந்து தினம் இரண்டு மணி நேரம் பேசுவார். ஒன்பது லட்சம் பேர் கேட்டார்கள். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. ஊருக்கு நல்லது செய்கிறோம் என்று மனசார நம்பினார். அதுதான் கொடுமை.

கோகிலவாணி தினமும் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

"வால்வுக் குழியப் பாருங்கன்னு மொத நாளே சொன்னனுங்களே சார்."

"மூணும் பாத்தாச்சும்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "நாலாவது குழிய மூணு வருசத்துக்கு முந்தியே மூடியாச்சு. நகராட்சிப் பதிவுல இருக்கு. இப்ப எல்லாமே தானியங்கி வால்வு."

"பதிவுல இருக்கும்ங்க. நெசத்துல நாலாம் வார்டு வால்வு வாரத்துல ரெண்டு நாள் மக்கர் பண்ணும். அவருதான் போயி கையால திருப்பி உடுவாரு. குழி எங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. நீங்க தேடுங்க சார்."

"இத நீங்க சொன்னதுக்குத்தான் நம்பர் அஞ்சு ஏறிடுச்சு. தெச திருப்பறீங்களாம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒம்போது லட்சம் பேரு ஆத்தத் தேடுங்கறாங்க. நான் இல்லாத குழியத் தோண்டிட்டு நின்னா, நாளைக்கு என் தலைக்கு மேலயும் ஒண்ணு ஓடும்."

ஆற்றில் எட்டுப் படகுகள் சுற்றின. கரையில் சுண்டலும் இளநீரும் விற்றார்கள்.

ஒன்பதாம் நாள் காலை பர்வீன் வாசலில் வந்து நின்றாள். நாலாம் வார்டில் இட்லிக்கடை நடத்துகிறவள். இடுப்பில் காலிக் குடம், முகத்தில் கடுகடுப்பு.

"ஏனக்கா, உங்க வூட்டுப் பிரச்சன உங்களோட. எங்க தெருவுக்கு ஒம்போது நாளா சொட்டுத் தண்ணியில்ல. நகராட்சியில கேட்டா எல்லாரும் ஆத்தங்கரையில இருக்காங்க. வேற குழாய்க்காரர் யாருன்னாச்சும் சொல்லுங்க. கொழாயத் தெறந்தா டொக்கு டொக்குன்னு சத்தந்தான் வருது. நேத்துச் சாயங்காலத்துல இருந்து அதுவும் நின்னு போச்சு."

கோகிலவாணி எழுந்தாள்.

"எத்தன தட்டு?"

"என்னது?"

"எத்தன தடவ தட்டும்னு கேக்கறேன்!"

"மூணு. அப்பறம் கொஞ்சம் உட்டு மறுபடி மூணு. காத்து அடச்சிருக்கும்னு நெனச்சோம்."

மயில்சாமி எந்தக் குழாயைத் தொட்டாலும் முதலில் சாவியால் மூன்று தட்டுத் தட்டுவார். உள்ளே தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். வீட்டுக் குழாயைக்கூடக் கரண்டியால் அப்படித் தட்டித்தான் திறப்பார்.

"யார்கிட்டயும் சொல்லலையா பர்வீன்?"

"நாப்பத்தொரு பேரு புகார் போட்டோம்கா. கௌரிசங்கர் அண்ணங்கிட்டயும் சொன்னேன். நிகழ்ச்சிக்குத் தொந்தரவா இருக்குன்னு அவரு சத்தம் நீக்கற பொறியப் போட்டுட்டாரு..." சொல்லும்போதே பர்வீனின் இடுப்பிலிருந்து குடம் நழுவியது. "அல்லா! அக்கா!"

குழாய் போகிற வழியைப் பிடித்துக்கொண்டு இருவரும் ஓடினார்கள். நீர்த்தொட்டிக்குப் பின்னால், சீமைக்கருவேலம் புதருக்குள், கீல் வைத்த இரும்பு மூடி ஒன்று. ஆடிக்காற்று அதை அறைந்து சாத்தியிருந்தது. வழியில் இட்லிக்கடையிலிருந்து எடுத்து வந்த அடுப்புக் கம்பியைக் கொடுத்து நெம்பினார்கள்.

உள்ளே மயில்சாமி குழாயில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கால் முறிந்து மடிந்திருந்தது. கையில் சாவி. வால்வில் கசிந்த தண்ணீரைக் குடித்தே எட்டு நாள் தாக்குப்பிடித்திருக்கிறார், நேற்று மாலைதான் உயிர் போயிருக்கிறது என்றார் டாக்டர்.

எட்டு நாள். படகுகள் சுற்றிய இடத்திலிருந்து முந்நூறு அடி.

அடக்கம் முடிந்த மறுநாள், பொதுவிழி தன் கணக்கைத் திருத்திக்கொண்டது. கௌரிசங்கரின் நிகழ்ச்சிகளிலிருந்து நீக்கிய சத்தத்தையெல்லாம் தோண்டி எடுத்து வைத்தது. ஏழு நிகழ்ச்சிகள். ஏழிலும், 'அவ மொகத்தப் பாருங்க, ஒரு சொட்டுக் கண்ணீர் இருக்கா?' என்று அவர் கேட்கிற இடத்துக்கு அடியில், மூன்று தட்டு. விட்டு மறுபடி மூன்று. சட்டத்தில் 'பார்த்தவர்' என்றால் கேட்டவரும் அடக்கம். கோகிலவாணியின் நம்பர் நாலுக்கு இறங்கியது. கௌரிசங்கருக்கு எண்பத்தெட்டு. வீடு திறந்தது.

போன வாரம் கோகிலவாணி வாசலில் காறித் துப்பியவர்கள் இந்த வாரம் பூ வைத்துவிட்டுப் போனார்கள். போகிற வழியில் கௌரிசங்கர் கடைமேல் கல் எறிந்தார்கள்.

மூன்றாம் நாள் அவர் வந்தார். கண்ணாடி இல்லை. சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. அவருடைய பார்வை நேராக அவள் முகத்துக்கு வந்து, உடனே தரைக்குப் போனது.

"என்னைய என்ன வேணா பண்ணட்டுங்கக்கா. எம் பொண்ணு லயா பத்தாவது படிக்கறா. அவ டைரியப் படிக்கறாங்க. எந்தத் தேதி வீட்டுக்குத் தூரம்னு கூட எழுதறாங்க. ரெண்டு நாளா ரூமுக்குள்ள பூட்டிட்டு உக்காந்திருக்கா."

"எம் பொண்ணோட ஆஸ்பத்திரிச் சீட்ட நீங்க படிச்சுக் காட்டினீங்களே. வெவரமா. கீழ கோடு போட்டு."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"காணாமப் போனாருன்னு புகார் குடுத்தவங்க கையெழுத்துப் போட்டாத்தான் திறப்ப மூடுவாங்களாம்," என்றார்.

"அந்தச் சத்தத்த முழுசாக் கேட்டீங்களா?"

"கேட்டேனுங்க."

"எனக்குத் தைரியம் வரல. இன்னும் கேக்கல." அவள் தாளை இழுத்துக்கொண்டாள். கோபத்தில் எழுத்து கோணிக்கொண்டு போனது. "இது மன்னிப்பு இல்ல. உங்க மூஞ்சியப் பாக்கவே எனக்குப் பத்திக்கிட்டு வருது. அந்தப் புள்ள வெளிய வரட்டும்னு போடறேன். போங்க."

அன்று மாலை திறப்பு மூடப்பட்டது.

மறுநாள் காலை ஒருவர், ஒரே ஒருவர், கேட்டார்: 'ஏன் மூடினாள்?'

பத்து மணிக்கு அதுவே கேள்வி. புருஷனைச் சாகவிட்டவனை எந்தப் பொண்டாட்டி காப்பாற்றுவாள்? குழி இருக்கும் அதே வார்டில்தானே அவர் வீடு? குழி இருக்கிறதென்று முதலில் சொன்னது யார்? அவள்தானே! மத்தியானத்துக்குள் இட்டுநிரப்பி அந்த முப்பத்தெட்டு நிமிஷத்தைப் புதிதாக நிரப்பிக் கொடுத்தது. கௌரிசங்கர் மூடியைத் தூக்குகிறார். கோகிலவாணி எட்டிப் பார்க்கிறாள். இருவரும் சேர்ந்து சாத்துகிறார்கள். பச்சைச் சேலை அப்படியே இருந்தது. ஆறுதான் காணவில்லை.

அவளுக்கு எழுபத்தொன்பது. அவருக்கு எண்பத்துமூன்று. புகார் கொடுத்தவளே சந்தேகத்தில் இருப்பதால் அவள் கையெழுத்து செல்லாது என்று அறிவிப்பு வந்தது. இரண்டு வீடும் திறந்தன.

கைப்பேசி அடித்தது. கௌரிசங்கர்.

"அக்கா, நான் அந்தப் பக்கமே வரலைங்க. கடையிலதான் இருந்தேன். உங்களுக்கே தெரியுமில்லீங்க?"

"எனக்குத் தெரிஞ்சு என்னங்க ஆகப்போவுது?"

"நான் இப்ப என்ன பண்றதுங்க?"

கோகிலவாணி, மருந்து எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்கிறவள் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"அழுவாதீங்க. அழுதா நடிக்கறான்னு சொல்லுவாங்க. அழுவாமயும் இருக்காதீங்க, கல்லு மாதிரி இருக்கான்னு சொல்லுவாங்க. கதவச் சாத்தினா எதையோ மறைக்கறோம்பாங்க. தெறந்து வெச்சா திமிருன்னுவாங்க. கோயிலுக்குப் போவாதீங்க. வெளக்கேத்தாம இருக்காதீங்க. நம்ம பேசறதயும் இப்பக் கேட்டுட்டுத்தான் இருப்பாங்க. சீக்கிரம் போன வெச்சுடுங்க."

அவர் வைக்கப் போனார்.

"இருங்க," என்றாள். "சட்டுனு வெக்காதீங்க. அதுக்கும் ஏதாச்சும் சொல்லுவாங்க."

இரண்டு பேரும் போனைக் காதில் வைத்தபடியே பேசாமல் நின்றார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களின் எண்ணிக்கை பதினோரு லட்சத்தைத் தாண்டியது.