தகரத்துக்குக் கீழே அப்பா

சாருஜாவின் பேஸ்டல் பெட்டி உருகிப்போய்க் கிடந்தது. சிவப்பு மஞ்சளோடு ஒட்டி, மஞ்சள் பச்சையோடு ஒட்டி, எல்லாம் ஒரே கட்டி. காலையில்தான் அதைப் புது அறையில் கொண்டுபோய் வைத்தாள். மத்தியானம் வந்து பார்த்தால் இந்தக் கோலம்!

கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய சின்ன வீட்டுக்கு மேலே கட்டுகிற அறை அது. அவளுக்கென்றே கட்டுகிறார்கள். சுவர் எழும்பிவிட்டது, கூரை இன்னும் இல்லை. மழை நனைக்காமல் இருக்க, சுவர் கட்டிய மேசன் பாஸ் பழைய தகரங்களை மேலே பரப்பி வைத்திருந்தார். உள்ளே நின்றால் தலை கொதித்தது.

சாருஜா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினாள். அப்பா டைல்ஸ் படங்கள் உள்ள புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, மேல் அறைக் கூரைக்கு என்ன போடப் போறியள்?"

"தகரம்தான். கலர்த் தகரம். அதுதான் மலிவு."

"தகரமோ? இஞ்ச பாருங்கோ!" பெட்டியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"அட, வடிவாத்தானே இருக்கு!" என்று அப்பா சிரித்தார்.

சிரித்ததுதான் பிழை. சாருஜாவின் காதெல்லாம் சூடேறியது.

"மிச்சக் காசில என்ன செய்யப் போறியள்?"

"முன்சுவருக்கு டைல்ஸ். பளபளவெண்டு இருக்கும். வீதியால போறவை நிண்டு பாக்கோணும்."

"அவை பாத்திட்டுப் போயிடுவினம். மேல படுக்கிறது நான்!"

"ஃபேன் ஒண்டு போட்டாச் சரி. சின்னப் பிள்ளையளுக்கு இதெல்லாம் விளங்காது."

விளங்காதாம்! அந்த அறையில் படுக்கப் போவது அவள். வேகப் போவதும் அவள். ஆனால் அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டைல்ஸோ நாளைக்கு நிலாம் நானாவின் கடையிலிருந்து வந்து இறங்கப் போகிறது. ஒட்டிவிட்டால் பிறகு கழற்ற முடியுமா? கோபம் வராமல் வேறு என்ன வரும்?

"சாரு, சத்தம் போடாதை!" என்றார் அம்மா சமையலறையிலிருந்து.

"போடுவன்!" என்றாள் சாருஜா. பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள். "சரி அப்பா. இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே. சாப்பிட்டிட்டு நீங்கள் மேல போய்ப் படுங்கோ. மேசை ஃபேனையும் கொண்டு போங்கோ. உங்களுக்கு நித்திரை வந்தால் நான் இனி வாயே திறக்கமாட்டன்."

"இது ஒரு பெரிய வேலையே?" என்றார் அப்பா. நண்டுக் கறியோடு வயிறு நிறையச் சாப்பிட்டார். பாயையும் தலையணையையும் ஃபேனையும் தூக்கிக்கொண்டு மேலே போனார். விசிறிக்கொள்ளவோ என்னவோ, டைல்ஸ் புத்தகத்தையும் கொண்டுபோனார்.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து குரல் வந்தது. "ஆகா, நல்ல காத்து!"

பொய்! சாருஜா கையைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். பாய் புரளும் சத்தம் கேட்டது. இன்னொரு தரம் புரண்டது. "நல்ல காத்து," என்றார் அப்பா மறுபடியும். இந்த முறை குரல் சின்னதாக வந்தது. பிறகு சத்தமே இல்லை.

"அம்மா, அப்பா நித்திரையாகிட்டாரோ?"

"உன்ர அப்பாவுக்கு வீம்பு. மயங்கி விழுந்தாலும் நல்ல காத்தெண்டுதான் சொல்லுவார்."

மயங்கி விழுந்தாலுமா? சாருஜா சமையலறைக்கு ஓடினாள். தேசிக்காய் பிழிந்து, சீனி போட்டு, ஒரு கிளாஸ் தண்ணீர் கரைத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பனியன் தோய்த்து எடுத்தது போல் நனைந்திருந்தது. முகம் அவித்த நண்டு மாதிரிச் சிவந்திருந்தது. டைல்ஸ் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார்.

சொல்ல நினைத்ததெல்லாம் சாருஜாவின் நாக்கு நுனிவரை வந்தது. அதை அடக்கிக்கொண்டாள்.

"முதல்ல இதைக் குடியுங்கோ. பிறகு சண்டை பிடிப்பம்."

அப்பா ஒரே மூச்சில் குடித்தார். "இந்த ஃபேன் சுடுகாத்தைத்தான் அடிக்குது," என்றார்.

"அதைத்தானே சொன்னனான்!" கோபத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. "உங்களால ஒரு மத்தியானம் இருக்க ஏலாது. நான் ஒவ்வொரு நாளும் இருக்கோணும். என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை!"

அப்பா கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஓம், கேக்கேல்லைத்தான். இப்ப கேக்கிறன். என்ன போடலாம்?"

"ஓடு! எங்கட பள்ளிக்கூடத்தில பழைய கட்டடம் ஓடு, புதுசு தகரம். மத்தியானத்தில எல்லாப் பிள்ளையளும் பழைய கட்டடத்துக்குத்தான் ஓடுவினம். நிலாம் நானாவின்ர ஹார்ட்வெயார் கடைக்குப் பின்னால, உடைச்ச வீட்டு ஓடு குவிஞ்சு கிடக்கு. மலிவாத் தருவார்."

"பழைய ஓடோ? சனம் என்ன சொல்லும்?"

"கூரையில ஏறி ஆர் பாக்கிறது? காகம்தான்."

அப்பா மறுபடி சிரித்தார். ஆனால் இந்தச் சிரிப்பில் சாருஜாவுக்குக் கோபம் வரவில்லை.

வெயில் தாழ்ந்ததும் இருவரும் கடைக்குப் போனார்கள்.

"டைல்ஸ வேணாம் எண்டு சொல்றீங்களா, ஜனா?" என்று நிலாம் நானா அப்பாவைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். "அப்ப முன்சுவர்?"

"பூசி வெள்ளையடிச்சாக் காணும். பழைய ஓடுகளைக் காட்டுங்கோ."

"ஓடு பாரம். நல்ல மரம் போடணும்."

"டைல்ஸ் வாங்காத காசில மரமும் எடுக்கலாம்."

சாருஜா ஒவ்வொரு ஓடாக எடுத்து விரலால் தட்டினாள். 'ணங்' என்றால் நல்லது. 'டொக்' என்றால் வெடிப்பு. அதை ஒதுக்கி வைத்தாள்.

"மகள், எல்லாத்தையும் தட்டினா நான் எப்ப கடையப் பூட்டுறது?"

"வெடிச்ச ஓடு தந்தீங்களெண்டால் என்ர தலையிலதான் ஒழுகும்," என்றாள் சாருஜா. நிலாம் நானா அவளுக்கு ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

கூரை போட்டு முடிந்து, அடுத்த மாதம் வெள்ளவத்தையிலிருந்து பெரியப்பா வந்தார். உச்சி வெயில் நேரம். அவருடைய குரல் மேலே படுத்திருந்த சாருஜாவுக்கும் கேட்டது.

"என்ன ஜனா, முன்சுவர் வெறுமையாக் கிடக்கு? நாலு டைல்ஸ் ஒட்டியிருக்கலாமே! பாக்கிற சனம்..."

"உஷ்! மெல்லமாக் கதையுங்கோ அண்ணை," என்றார் அப்பா. "மேல பிள்ளை நித்திரை."

சாருஜா அதுவரை நித்திரை கொள்ளவில்லை. அதைக் கேட்டதும் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு உண்மையாகவே நித்திரை வந்துவிட்டது.