ஐம்பத்தெட்டு கிலோ

கொக்கியில் ஒன்றும் இல்லை. அன்று காலை மாட்டிய புது எடைகாட்டியோ ஐம்பத்தெட்டு கிலோ என்றது.

கிரேனைச் சோதித்துச் சான்றில் கையெழுத்துப் போட வேண்டிய இன்ஜினியர் அவள். கேபினில் இருந்த திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். பட்டப்பகல். கடலுக்கு நடுவே எண்ணெய் மேடையில் நாற்பது வருடமாக நிற்கும் அந்தக் கிரேன் வெயிலில் பழைய கிரீஸ் வாடையைக் கிளப்பிக்கொண்டிருந்தது. அதன் நீண்ட கையின் நுனியில், அலைகளுக்கு மேலே, வெறும் கொக்கி. காற்றே இல்லை. ஆனாலும் கம்பிவடம் பாரம் தாங்குவதுபோல முறுகி முறுகி முனகியது.

கேபின் சுவரில் பழைய பட்டியல் ஒன்று. கூடையில் ஆளை ஏற்றிப் படகில் இறக்கும் முன் எடை பார்த்து எழுதுவார்கள். மேனேஜர், நூற்று நான்கு. ஒல்லி, ஐம்பத்தெட்டு.

ஒல்லி போன வருடம் செத்தவன், கொக்கியில் சரக்கு மாட்டும் ரிக்கர். இடுப்புவார் கொக்கியில் சிக்கி மேலே போனான். கிரேன் பாதியில் இறுகி நின்றது. பிரேக்கை மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தார்கள். மேனேஜர் மாற்றவில்லை. "எறக்குங்க சார்" என்று நாற்பது நிமிடம் கதறி, தொங்கியபடியே செத்தான்.

மேனேஜர் மூச்சு வாங்க ஏணியேறி வந்தார்.

"இன்னுமா கையெழுத்து போடல? நாளைக்கு பத்து பேரு கூடையில போகணும்."

"காலிக் கொக்கி எடை காட்டுது சார். போட மாட்டேன்."

"ஜீரோவ அமுக்கினா தீந்துது. வீட்டுலயே மொதமொதல்ல காலேஜ் பாத்தவ இல்ல? அந்தத் திமிரு."

"ஆமா, திமிருதான். எங்கப்பா மூட்டை தூக்கிப் படிக்க வெச்ச திமிரு. எடையில பொய் சொல்ல மாட்டேன்."

அவரே அமுக்கினார். தொங்கிய ஐம்பத்தெட்டு இனி கணக்கில் பூஜ்யம். அவரே கையெழுத்தும் போட்டார். சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்போது திரை மாறியது.

மைனஸ் ஐம்பத்தெட்டு.

தொங்கியது இறங்கிவிட்டது.

கிரேன் கையின் நுனியில் நடைபாதைத் தகடு அழுந்தியது. அடுத்த தகடு. அடுத்தது. ஈரமான சத்தம். கேபின் கூரை வரை வந்தது. நின்றது.

"நான் கையெழுத்து போடல!" என்று கத்தினாள். பயத்தைவிட ஆத்திரம்தான் முந்தியது.

கூரையைக் கடந்து போனது. ஏணிக்கு.

ஓர் அலறல். பாதியில் அறுந்தது.

திரையில் பூஜ்யம். போனவன் திரும்பிவிட்டான். பிறகு, நூற்று நான்கு. தனியாக வரவில்லை.

அவள் இடுப்பில் வாக்கி-டாக்கி மேனேஜரின் குரலில் கரகரத்தது. "எறக்கும்மா... எறக்கு..."

நெம்புகோலைத் தள்ளினாள். முழு பலத்தோடு. வடம் அசையவில்லை.

வெளியே, காலிக் கொக்கி ஆடியது. மேலும் கீழும் உதறி உதறி. நாற்பதில் முதல் நிமிடம் முடிந்திருந்தது.