ஒரு சொட்டு உப்புத் தண்ணீர்

செஞ்சிக் கோட்டை... செட்டிகுளத்துப் படிக்கட்டில் ஒரு பிணம் ஒதுங்கிக் கிடந்தது!

செத்தவன் தங்கராசு. கல்லூரி ஆய்வுக்கூடத்து அட்டெண்டர்.

காலை ஒன்பது மணிக்கெல்லாம் சாகிரா போலீஸ் ஸ்டேஷனில் நின்றாள். ஐந்து வருஷமாக ஏரி, குளம், கழிமுகம் என்று அலைந்து, தண்ணீர் மொண்டு, பாசியை ஆராய்ந்தவள். திங்கட்கிழமை கடல் ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர வேண்டும். இன்று லாக்கப்புக்குள் போனால் அத்தனையும் போச்சு!

"நேத்து சாயங்காலம் குளத்தாண்ட அவனோட நின்னு பேசினே..." இன்ஸ்பெக்டர் இளையபெருமாள் முறைத்தார். "இன்னா தகராறு?"

"தகராறே இல்ல சார்! என் அஞ்சு வருஷ நோட்டையும் புரொபசர் தன் பேர்ல புக்கா போடப் போறாராம். யுனிவர்சிட்டிக்கு வந்து சாட்சி சொல்றேன்னு தங்கராசு அண்ணன் சொன்னாரு. அவ்ளோதான்!"

எதிர் நாற்காலியில் அவளுடைய பேராசிரியர் ராஜாராம் சிரித்தார்.

"பயத்துல உளறுறா, பாவம். ரெண்டு நாளா நான் மரக்காணத்துல இருந்தேன் இன்ஸ்பெக்டர். உப்பளத்து ஆளுங்களைக் கேளுங்க."

ஆகா... சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி என்ன சுத்தமான பதில்!

சாகிரா பையிலிருந்து மைக்ராஸ்கோப்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒரு ஸ்லைடை அதில் செருகினாள்.

"சார், முழுகிச் சாகறவன் தண்ணியோட பாசியையும் முழுங்குவான். எந்த ஊர்த் தண்ணின்னு பாசியே சொல்லிடும். பொணத்தைக் கரையில போட்டப்போ வாயிலருந்து ஒரு சொட்டு எடுத்தேன்... இது உப்புத் தண்ணிப் பாசி! அண்ணன் செத்தது குளத்துல இல்ல. மரக்காணத்துல!"

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார்.

"புரொபசர்... நீங்க அங்கதானே இருந்தீங்க?"

ராஜாராமுக்குக் குப்பென்று வியர்த்தது. பாய்ந்து வந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

"மோசடி! ஸ்லைடை மாத்திட்டா! உப்புத் தண்ணி எப்படி வரும்? அவன் குடிச்சது வல்லம் ஏரித் தண்ணி!"



"வல்லமா?" இன்ஸ்பெக்டர் எழுந்தார். "பொணம் கெடச்சது செட்டிகுளத்துல. நடுவுல வல்லம் ஏரி எங்கருந்து வந்துச்சு?"

ராஜாராம் வாசலை நோக்கி ஓடினார்...

இரண்டே நிமிஷம். கையில் விலங்கு!

அவரை உள்ளே தள்ளிவிட்டு இன்ஸ்பெக்டர் சாகிராவைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"ஏம்மா... பொணத்து வாயில நெஜமாவே உப்புத் தண்ணியா இருந்துச்சு?"

"பொணத்துக்கிட்டயே நான் போகல சார். எனக்கு பயம்! இது போன மாசம் மரக்காணத்துல எடுத்த ஸ்லைடு."

"அடிப்பாவி!"

சாகிரா மைக்ராஸ்கோப்பைப் பைக்குள் வைத்தாள்.

"அஞ்சு வருஷத்துல எங்க சார் அவரே குனிஞ்சு பார்த்து, மோசடின்னு கரெக்டா சொன்ன மொதல் ஸ்லைடு இதுதான் சார்!"